கண்டித் திரித்துவக் கல்லூரியும் அதன் மைந்தரும்

இந்து இளைஞரின் ஆண்டு மலரிலே ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் வரலாறு எதற்கு என வினவுவோர் இருக்கக்கூடும். யான் கூறும் விடை எளியது. கண்டி மாநகரின் கடந்த நூற்றைம்பது ஆண்டுச் சரித்திரத்தை எழுதப் புகுவோர் எவரும், திருகோணமலை வீதி என்று முன்னாளில் வழங்கிய டி. எஸ். சேனநாயக்க வீதியிலே நிற்கும் திரித்துவக் கல்லூரியை விலக்கிவிட்டு எழுதல் இயலாது. யானும் ஒரு மிஷன் பள்ளியிற் பயின்றவனே. காலையிலே பாதிரியாரின் செபத்துக்குக் கண்மூடி நின்றுவிட்டு, மாலையிலே கட்டுக்கலைப் பிள்ளையார் சந்நிதியிலும் கண்மூடி நின்று வளர்ந்த பையன்கள் எங்கள் ஊரில் அனேகர். எங்களை ஆக்கிய கல்வி எங்கிருந்து வந்தது, எவருக்காக வந்தது, எவரைத் தன் வாயிலுக்கு வெளியே நிறுத்தியது என்பவற்றை அறிய வேண்டும் என்ற ஆசையே இக்கட்டுரைக்குக் காரணம்.

1815ஆம் ஆண்டிலே கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. மூன்றே ஆண்டுகளில், அதாவது 1818இல், திருச்சபை மிஷனரிச் சங்கத்தார் இலங்கைக்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் முதலிலே கால்கொண்ட இடங்களுட் கண்டியும் ஒன்று. பின்னர் மலைகளைக் கோப்பி மூடியது. கோப்பியோடு துரைமாரும், துரைமாரின் பின்னே தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த நம் முன்னோரும் இம்மலைகளில் ஏறினர். நகரத்து ஆங்கிலிக்க மக்கள் தம் பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கிலப் பாடசாலை வேண்டும் என்று கேட்டதன்மேல், 1857இல் ஜோன் அயர்லண்ட் ஜோன்ஸ் என்னும் பாதிரியார் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அது சில ஆண்டுகளே நடந்து மூடப்பட்டது. 1872இல் றிச்சட் கொலின்ஸ் பாதிரியாரை அதிபராகக் கொண்டு மீண்டுந் திறக்கப்பட்ட பாடசாலையே இன்றைய கல்லூரி. திரித்துவம் என்ற பெயர் அதன்பின் சில ஆண்டுகளில் வந்தது. ஆகவே 1872ஐயே கல்லூரியார் தம் பிறந்த ஆண்டாகக் கொள்கின்றனர்.

இந்த இரண்டாம் பிறப்புக்கு முன்னதாகவே, 1867இல், புகைவண்டி கண்டியை வந்தடைந்துவிட்டது. அதே ஆண்டிலேதான் லூல்கந்துறைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை நாட்டினார். தோட்டங்கள் பெருகக் கந்தோர்கள் பெருகின. கந்தோர்களுக்கு எழுதுவினைஞர் வேண்டியிருந்தனர். பிரதானிகளின் மைந்தருக்கோ ஆங்கிலம் வேண்டியிருந்தது. இவையெல்லாம் கூடியே ஒரு கல்லூரியை நிலைபெறச் செய்தன. பாதிரிமாரின் பக்தி மாத்திரம் அதைச் செய்திருக்காது என்பது என் எண்ணம்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். இதே சங்கத்தார் 1850களில், கண்டியைத் தலையிடமாகக் கொண்டு, தோட்டத் தமிழரிடையே ஒரு தனி ஊழியத்தையும் நடாத்தத் தொடங்கினர். அதற்கு இட்ட பெயர் தமிழ்க் கூலி மிஷன். ஒரு கையால் பிரதானிகளின் மைந்தருக்குக் கல்லூரி. மறு கையால் கூலிகளின் பிள்ளைகளுக்கு மரத்தடிப் பாடம். இரண்டையும் நடாத்தியவர் ஒருவரே. இரண்டுக்கும் இடையே இருந்த தூரமோ கண்டிக்கும் லண்டனுக்கும் இடையே இருந்த தூரத்திலும் பெரிது.

தொடக்கக் காலத்து மாணாக்கருள் யான் முதலிற் கூற விரும்புவது லூயிஸ் எட்மன்ட் பிளேஸ் என்பவரை. பறங்கி இனத்தவர், திரித்துவத்திற் பயின்று, கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, ஆசிரியத் தொழிலை மேற்கொண்டவர். 1891இலே கண்டியிற் சொற்ப மாணவரோடு ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அதுவே இன்றைய கிங்ஸ்வூட் கல்லூரி. றகர் ஆட்டத்தை இலங்கைப் பாடசாலைகளுக்குக் கொணர்ந்தவரும் அவரே. 1906இல் இந்நாட்டின் முதலாவது பாடசாலை றகர்ப் போட்டி கிங்ஸ்வூட்டுக்கும் திரித்துவத்துக்கும் இடையே நடைபெற்றது. மாணாக்கன் தன் பழைய கல்லூரிக்கு எதிராக ஒரு கல்லூரியை வளர்த்துக் களத்தில் இறக்கிய செயலைத் திரித்துவத்தார் பகையாகக் கொள்ளாமல் ஆட்டமாகவே கொண்டனர். அது அவர்களின் பெருந்தன்மை.

பௌத்தர் சும்மா இருக்கவில்லை. பிரம்மஞான சங்கத்தார் 1887இலே கண்டியில் தர்மராஜ கல்லூரியை நிறுவினர். யாழ்ப்பாணத்திலே நம் நாவலர் பெருமான் 1848இலேயே வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் தொடங்கி வழிகாட்டியிருந்தார் என்பது வாசகர் அறிந்ததே. அவரும் பார்சிவல் பாதிரியாரிடம் பயின்றவர் அன்றோ? மிஷன் கல்வி தனக்கு எதிரிகளையும் தானே பயிற்றுவித்தது. கண்டி இந்துக்களிடமோ அக்காலத்திலே ஒரு நாவலர் தோன்றவில்லை. தோட்டத்தில் உழைத்தோருக்கு நேரமில்லை. நகரத்து வர்த்தகருக்குக் கணக்குப் பெட்டியை விட்டுத் தலைநிமிர்த்த மனமில்லை. இதை எழுதும்போது பெரியோர் சிலர் முகஞ் சுளிப்பர் என்பதை அறிவேன்.

திரித்துவத்தின் வரலாற்றைத் திருப்பியவர் அலெக்சாண்டர் கார்டன் பிரேசர். 1904இல் அதிபராக வந்தபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டியிருந்தது. ஸ்கொத்லாந்தர், ஒக்ஸ்போட்டிலும் திரித்துவம் என்ற பெயருடைய கல்லூரியிலேயே பயின்றவர், உகண்டாவில் ஊழியஞ் செய்துவிட்டு வந்தவர். அவர் கண்ட கல்லூரியில் மாணாக்கர் இங்கிலாந்தின் நதிகளையும் அரசர்களையும் ஒப்புவித்தனர். மகாவலி எங்கே பிறக்கின்றது என்பதைப் பாடமாகப் படித்தாரில்லை. தாய்மொழிக்கு வகுப்பறையில் இடமிருக்கவில்லை. பிரேசர் சிங்களத்தையும் தமிழையும் பாடவிதானத்துட் புகுத்தினார். இலங்கையின் சரித்திரத்தையும் பூமிசாஸ்திரத்தையும் கற்பிக்கச் செய்தார். தாய்மொழியை நன்கறியாதவனுக்கு மெய்யான சிந்தனையும் பண்பாடும் கைகூடா என்பது அவர் உறுதியாகக் கொண்டிருந்த கருத்து. ஆங்கிலம் பேசுவதே கல்வி என்று பெற்றோர் நினைத்திருந்த காலத்திலே, ஆங்கிலேய அரசு நடந்துகொண்டிருந்தபோதே, பிரித்தானியர் ஒருவர் இதைச் செய்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

யான் படித்த பள்ளியிலே, பிரேசர் காலமாகி எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின்பும், வாரத்தில் ஒருநாள் ஆங்கில நாள். அன்று தமிழ் பேசினால் ஐந்து ரூபா தண்டம். தண்டப் பெட்டியிலே என் காசு கொஞ்சமல்ல. பிரேசரைப் பற்றி அறிந்தபோது அந்த ஐந்து ரூபாக்களே முதலில் நினைவுக்கு வந்தன.

பிரேசரோடு பணிபுரிந்த ஆசிரியர் கூட்டம் சிறந்தது. வோல்ட்டர் ஸ்ரான்லி சீனியர் பாதிரியார் அவர்களுள் ஒருவர். உப அதிபராக இருந்த அவர் இந்நாட்டின் மலைகளையும் காடுகளையும் ஆங்கிலக் கவிதையிலே பாடி, இலங்கையின் பாணர் என்று பெயர் பெற்றார். 1938இல் இங்கிலாந்திலே காலமானாலும் அவரது அஸ்திச் சாம்பல் ஹப்புத்தளையிலே அடக்கஞ் செய்யப்பட்டுள்ளது. அவ்வழியே புகைவண்டியிற் போகும் நம்மவர் எத்தனை பேர் அதை அறிவர்? நகரத்து ஏழைகளின் குடியிருப்புக்களுக்கு மாணாக்கரை அழைத்துச் செல்லும் சமூகசேவைச் சங்கமும் பிரேசர் காலத்தின் பேறே.

முதலாம் உலக யுத்தம் மூண்டபோது கல்லூரியின் பழைய மாணவர் சிலர் ஐரோப்பியப் போர்க்களத்துக்குச் சென்றனர். அவர்களுள் ஒருவரான மாத்தளை றிச்சட் அலுவிகாரை சொம் போரிலே காயமுற்று மீண்டார். பின்னர் சிவில் சேவையிற் புகுந்து, 1947இலே இலங்கையரான முதலாவது பொலிஸ் மாஅதிபரானார். அதன்பின் இந்தியாவில் நம் உயர்ஸ்தானிகராகவும் இருந்தார்.

பிரேசர் 1924இலே கண்டியை விட்டு நீங்கி, ஆபிரிக்காவின் தங்கக்கரை நாட்டிலே அச்சிமோட்டாக் கல்லூரியின் முதல் அதிபரானார். அங்கேயும் அந்நாட்டு மொழிகளுக்கும் கலைகளுக்கும் இடமளித்தார். 1930இல் அச்சிமோட்டாவிற் பயிற்சி முடித்து வெளியேறிய ஆசிரிய மாணவர் ஒருவரே பிற்காலத்திற் கானாவைச் சுதந்திர நாடாக்கிய குவாமே இங்குரூமா. கண்டியிலே பழகிய கை அங்கே விதைத்தது என்றாற் பெரிதாகச் சொல்வதாகாது. கண்டிக்கும் அச்சிமோட்டாவுக்கும் இடையேயான இவ்வழக்கம் தொடர்ந்தது. 1935இல் திரித்துவத்துக்கு அதிபராக வந்த றொபேட் ஸ்ரொப்போட் பாதிரியாரும் இங்கிருந்து அச்சிமோட்டாவுக்கே சென்றார். 1961இல் லண்டன் மேற்றிராணியாராக உயர்ந்தார்.

கல்லூரிக்குட் செல்வோர் தவறாது காணவேண்டியது அங்குள்ள தேவாலயம். கோதிக் கோபுரத்தையும் வர்ணக் கண்ணாடியையும் எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். வரைபடம் அமைத்தவர் ஆசிரியராயிருந்த காஸ்டர் பாதிரியார். அவர் மாதிரியாகக் கொண்டது கண்டி அரண்மனையின் மகுல் மடுவ என்னும் கொலுமண்டபத்தை. அக்கொலுமண்டபத்தை எழுப்பத் தொடங்கியவன் நாயக்க வம்சத்து அரசனான ஸ்ரீ இராஜாதி இராஜசிங்கன், ஆண்டு 1783. மதுரை நாட்டுத் தொடர்புடைய அரசன் கட்டிய மண்டபத்திலே, 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆந் திகதி, அவ்வம்சத்தின் முடிவைக் கூறும் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. நூறு ஆண்டு கழித்து அதே மண்டபத்தின் சாயலிலே ஆங்கிலேயப் பாதிரியார் தம் ஆண்டவனுக்கு ஆலயம் எடுத்தார். மண்டபத்துத் தூண்கள் மரத்தாலானவை; தேவாலயத்துத் தூண்களோ அருப்பொலைக் கல்லுடைப்பிலிருந்து கொணர்ந்த கருங்கல். பக்கச் சுவர்கள் இல்லை. மழைக்காலத்திலே சாரல் உள்ளே வரும். காற்றும் பறவைகளும் தடையின்றி வந்து போகும். நம் கோயில் மண்டபத்திலே நிற்பதுபோன்ற உணர்ச்சியே எனக்கு உண்டாயிற்று. 1920களில் தொடங்கிய இவ்வேலை, பிரேசருக்குப் பின் வந்த மக்லியோட் கம்பெல் அதிபரின் காலத்தில் நிறைவெய்தி, 1935இல் ஆலயம் பிரதிட்டை செய்யப்பட்டது.

ஆலயத்துள்ளே சுவரோவியங்கள் நான்கு. தீட்டியவர் டேவிட் பெயின்ரர். இக்கல்லூரியின் பழைய மாணவர். 1900இல் இந்தியாவின் அல்மோராவிலே பிறந்தவர். தந்தையார் ஆங்கிலேய மிஷனரி. தாயார் சிங்களப் பெண்மணி. லண்டன் இராயல் அக்கடமியிலே சித்திரங் கற்றுத் திரும்பியவர், இயேசுநாதரை நீலக்கண் ஐரோப்பியராகத் தீட்டவில்லை. சிலுவையில் தொங்கும் உருவம் தாடியற்ற இளைஞன். சுற்றி நிற்போர் முகங்கள் நம் தெருவில் காணும் முகங்கள். பின்னணியிலே இலங்கையின் மண்ணும் மரமும். அடியார் கால் கழுவுங் காட்சியும், வழியிலே அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய நல்ல சமாரியன் காட்சியும் அவ்வாறே. அந்நாட்களிற் சிலருக்கு இது துணுக்குறுத்தியிருக்கும். எனக்கோ, எந்த மதத்தவனாயினும் தன் தெய்வத்தைத் தன் ஊர்க்காரனாகக் காண விழைவது இயல்பு என்றே பட்டது. நம் முருகன் கதிர்காமத்திலே வேடர் பெண்ணை மணக்கவில்லையா?

கல்வியையும் கலையையும் பற்றிப் பேசிவிட்டு விளையாட்டைப் பற்றிப் பேசாவிடில் திரித்துவத்தார் மன்னிக்க மாட்டார்கள். அஸ்கிரிய மைதானம் மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்து ஆக்கப்பட்டது. 1915 முதல் அதிலே ஆடி வருகின்றனர். றகர் ஆட்டத்தில் கொழும்பு றோயல் கல்லூரியோடு மோதும் பிரட்பி கேடயப் போட்டி 1945இல் தொடங்கியது. கேடயத்தை வழங்கியவர் அப்போது றோயல் கல்லூரி அதிபர் பதவியினின்றும் நீங்கிய பிரட்பி என்பவர். அப்போட்டி நாளிலே நகரத்துத் தேநீர்க்கடைகளில் வேறு பேச்சே இராது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமும் இராது. கல்லூரிக் கட்சி தோற்றால் மாத்திரம் எல்லோரும் நடுவர்களாகிவிடுவர்.

ஓட்டக்களத்திலே டங்கன் வைற் என்னும் பழைய மாணவர் 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். சுதந்திரம் பெற்ற அவ்வாண்டிலேயே இந்நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்த பதக்கத்துக்கு 2000ஆம் ஆண்டுவரை, அரை நூற்றாண்டுக்கு மேல், இலங்கை காத்திருந்தது.

அரசாங்கம் 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றைத் தன் பொறுப்பில் எடுத்தது. திரித்துவம் தனியார் கல்லூரியாகவே நின்றுவிட்டது. அக்காலத்து அதிபர் செட்றிக் ஊர்லொவ், சிவில் சேவையிலிருந்து வந்தவர். 1957 முதல் 1968 வரை கல்லூரியை நடாத்தினார். பணமுடை, அரசியற் காற்று என்னும் இரண்டினூடும் கலத்தைச் செலுத்திய பெருமை அவருடையது.

அரசியலிலும் பொதுவாழ்விலும் புகழ்பெற்ற பழைய மாணவரை எல்லாம் எழுதின் இம்மலர் போதாது. யான் தேர்ந்த சிலரைப் பற்றி மாத்திரம் எழுதுகின்றேன்.

பேராதனையிற் பயிலும் எனக்கு முதலில் நினைவில் எழுபவர் சேனக பிபிலே. 1920இல் பிறந்தவர், மருந்தியற் பேராசிரியர், பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் விளங்கியவர். ஒரே மருந்தைப் பத்துக் கம்பெனிகள் பத்துப் பெயரிலே பத்து விலைக்கு விற்பதை அவர் பொறுக்கவில்லை. நாட்டுக்குத் தேவையான மருந்துகளை மாத்திரம் பட்டியலிட்டு, கம்பெனிப் பெயரால் அன்றி மருந்தின் பெயராலேயே, உலகச் சந்தையிற் போட்டி விலைக்கு வாங்கவேண்டும் என்றார். அக்கொள்கையை நிறைவேற்றுதற்கு 1971இல் அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. அயல்நாடுகள் பலவும் ஐக்கிய நாடுகளின் வர்த்தக அமைப்பும் இதை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டன. 1977இல் கயானா நாட்டிலே, இப்பணியாகச் சென்றிருந்தபோது அவர் காலமானார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஏழைக்குக் கிடைக்கும் மலிவான மாத்திரையில் அவர் கைபட்டிருக்கின்றது. திரித்துவத்தின் மைந்தருள் எவர் நம் மக்களுக்கு அதிகம் உதவினார் என்று கேட்டால், மந்திரிமாரை விட்டு இவரையே யான் சுட்டுவேன்.

ஜயந்த தனபால வேறொரு துறையில் ஓங்கியவர். முன்னாள் அதிபர் ரைட் பாதிரியாரின் பெயரால், சகல துறையிலும் சிறந்த மாணாக்கனுக்கு வழங்கப்படும் பொற்பதக்கத்தை 1956இலே பெற்றவர். அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை நிலைநிறுத்திய 1995ஆம் ஆண்டு நியூயோர்க் மகாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1998 முதல் 2003 வரை ஐக்கிய நாடுகள் சபையில் ஆயுதக்களைவுக்குப் பொறுப்பான உதவிச் செயலாளர் நாயகமாயிருந்தார். 2023இல் மறைந்தார்.

காமினி திசாநாயக்கவைப் பற்றி எழுதும்போது பேனா சற்றுத் தயங்குகின்றது. மகாவலித் திட்டத்தின் மந்திரி. விக்டோரியா அணையை எழுப்பியவர். 1981இல் இலங்கைக் கிரிக்கெற்றுக்கு டெஸ்ட் அந்தஸ்துப் பெற்றுத் தந்தவர். அதே 1981இல் யாழ்ப்பாண நூல்நிலையம் எரிந்த நாட்களில் அந்நகரிலே இருந்த அரசாங்க மந்திரிகள் இருவருள் ஒருவர். 1987இல் இந்திய இலங்கை ஒப்பந்தத்தை ஆதரித்து நின்றவரும் அவரே. 1994ஆம் ஆண்டு ஒக்டோபர் 24இலே, ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்றபோது, குண்டுக்கு இரையானார். கல்லூரி மலர்களிலே அணையும் கிரிக்கெற்றும் வரும், நூல்நிலையம் வருவதில்லை. நம் மலரிலாயினும் இரண்டும் ஒரே பந்தியில் இருக்கட்டும்.

லக்ஷ்மன் கதிர்காமர் 1932இல் கொழும்பிலே பிறந்த யாழ்ப்பாணக் குடும்பத்தவர், கிறிஸ்தவர், தமிழர். திரித்துவத்திலே 1950ஆம் ஆண்டுக் கிரிக்கெற் கட்சித் தலைவர், அவ்வாண்டு ரைட் பொற்பதக்கமும் அவருக்கே. பல்கலைக்கழகக் காலத்திலே 110 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் வென்றார். பின்னர் ஒக்ஸ்போட் சென்று 1959இல் அங்குள்ள மாணவர் யூனியனின் தலைவரானார். 1963இலே சர்வதேச மன்னிப்புச் சபை தென் வியட்னாமிற் பௌத்தர் படும் துயரை ஆராய்ந்து வர அனுப்பியது இவரையே. அச்சபை ஒரு நாட்டுக்கு அனுப்பிய முதல் விசாரணை அது என்பர். 1994இலே வெளிநாட்டு மந்திரியானார். வெசாக் தினத்தை 1999இல் ஐக்கிய நாடுகள் சபை அங்கீகரிக்கச் செய்ததும் அவர் முயற்சியே.

2005 மார்ச் மாதத்திலே ஒக்ஸ்போட் யூனியன் மண்டபத்தில் அவரது உருவப்படம் திறந்துவைக்கப்பட்டது. அங்கே பேசியபோது, பலகாரத்துக்கு மேலே பூசிய இனிப்பே ஒக்ஸ்போட், பலகாரம் சுடப்பட்டது தாய்நாட்டிலே என்று கருத்துப்பட அவர் கூறினார். கண்டியிலே கேட்டவர்கள் மகிழ்ந்தனர். ஐந்து மாதத்திற்குள், ஆகஸ்ட் 12இல், தம் வீட்டிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அரசாங்கம் விடுதலைப் புலிகளைக் குற்றஞ்சாட்டியது, அவர்கள் மறுத்தனர்.

அவரைப் பற்றித் தமிழ் வீடுகளிலே ஒருமித்த பேச்சு என்றும் இருந்ததில்லை. எங்கள் வீட்டிலேயே இல்லை. சின்னையா அவரை ஒருநாளும் மன்னித்ததில்லை. உலகமெங்கும் சென்று அரசாங்கத்துக்காக வாதாடியவர் தமிழரின் துன்பத்தையும் அதே குரலிற் சொல்லியிருக்க வேண்டும் என்பார். அப்பாவோ, துப்பாக்கி ஏந்தாமல் தனியே நின்று தான் நம்பியதைப் பேசிய தமிழனைத் துரோகி என்று சொல்ல வாய் வரவில்லை என்பார். இருவரும் உணவு வேளையிலே தொடங்கினால் அம்மா வந்து விளக்கை அணைக்கும்வரை முடியாது. யான் இருவர் பக்கத்திலும் நியாயங் காண்கின்றேன். ஆயின், கொலை ஒரு வாதத்துக்கு விடையாகாது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவ்விடத்தில் அப்பா பக்கமே நிற்கின்றேன்.

இனிக் குமார் சங்கக்கார. 1977இல் மாத்தளையிலே பிறந்து கண்டியில் வளர்ந்தவர். 1996இல் ரைட் பொற்பதக்கம் பெற்றவர். டெஸ்ட் ஆட்டங்களிலே 12,400 ஓட்டங்களும் 38 சதங்களும் குவித்தவர். 2019இலே லண்டன் மெறில்போன் கிரிக்கெற் கழகத்துக்குப் பிரித்தானியர் அல்லாத முதல் தலைவரானார். இவையெல்லாம் சிறுவரும் அறிந்தவை. யான் பெரிதாக மதிப்பது 2011இல் அக்கழகத்தின் அழைப்பிலே அவர் ஆற்றிய கௌட்றி நினைவுப் பேருரையை. அதிலே அவர் 1983 யூலைக் கலவரத்தை நினைவுகூர்ந்தார். அவர் தந்தையார் தம் உயிரையும் பொருட்படுத்தாது, ஏறத்தாழ முப்பத்தைந்து தமிழ் நண்பரைக் கண்டி வீட்டிலே ஒளித்துவைத்தார். ஐந்து வயதுப் பையனாகிய தமக்கோ பள்ளி விடுமுறையும் வீடு நிறைந்த விளையாட்டுத் தோழரும் கிடைத்த ஆனந்தமே அப்போது தெரிந்ததாகவும், நடந்தது என்னவென்பது பின்னரே புரிந்ததாகவும் அவர் கூறினார்.

ஆண்டைக் கவனியுங்கள். 1983 ஏப்பிரலிலே அஸ்கிரிய மைதானம் முதன்முறையாக டெஸ்ட் ஆட்டத்தைக் கண்டது, வந்தவர் அவுஸ்திரேலியர். ஒரு பாடசாலைக்குச் சொந்தமான மைதானத்திலே டெஸ்ட் நடப்பது உலகிலே அரிது. ஊர் முழுதும் திருவிழாக் கோலம். மூன்று மாதம் செல்லவில்லை. அதே நகரத்துத் தெருக்களிலே நம்மவர் கடைகள் எரிந்தன. மைதானத்திலே கைதட்டியவருள் எத்தனை பேர் யூலையிலே தம் கதவைத் திறந்தனர், எத்தனை பேர் மூடினர்? கணக்கெடுத்தார் இல்லை. திறந்த ஒரு வீட்டைப் பற்றி மாத்திரம் உலகம் கேட்க ஒருவர் சொல்லிவைத்தார்.

இவ்வளவு எழுதியும் ஒரு குறை நெஞ்சை உறுத்துகின்றது. யான் சொன்ன பெயர்களுள் தோட்டத்து லயத்திற் பிறந்தவர் ஒருவரேனும் உண்டா? இல்லை. கல்லூரியைச் சூழ்ந்த மலைகளிலே தேயிலை பறித்தோரின் பிள்ளைகளுக்கு, ஓராசிரியர் பள்ளியே நெடுங்காலம் எல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. அக்குறை முற்றாகத் தீரச் சட்டப்படி 2003 வரை சென்றது. 1972லும் 1975லும் தோட்டங்கள் தேசியமயமானதை ஒட்டியே தோட்டப் பள்ளிகளும் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. இதற்கெல்லாம் ஒரு கல்லூரியைக் குற்றஞ்சாட்டுதல் நீதியாகாது. இப்போது அங்கே தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் வகுப்புக்கள் உள. ஆயினும் கட்டணம் கட்டும் கல்லூரி கட்டணம் கட்டவியலாதவனுக்கு எட்டாது என்பது கணிதம். தாய்மொழியை வகுப்பறைக்குட் கொணர்ந்த பிரேசராலும் தோட்டத்துப் பிள்ளையை அவ்வாறு கொணர முடியவில்லை.

தோட்டத்துக்கு வேலை தேடித் தமிழகத்திலிருந்து வந்த ஒருவரின் பேரனும் கண்டியிலே வளர்ந்தார். தந்தையார் குண்டசாலைப் பக்கத்திலே பிஸ்கற் தொழிற்சாலை நடாத்தியதால் அவருக்குக் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியிற் பயில வாய்த்தது. திரித்துவத்துக்குப் பரம எதிரியான கல்லூரி அது. பெயர் முத்தையா முரளிதரன்.

2007ஆம் ஆண்டு டிசம்பரிலே இங்கிலாந்துக் கட்சி அஸ்கிரியவுக்கு வந்தது. சங்கக்கார தம் கல்லூரி மைதானத்திலே முதல் ஆட்டத்தில் 92, இரண்டாவதில் 152 ஓட்டங்கள் எடுத்தார். ஆனால் ஊர் காத்திருந்தது முரளிக்காக. உலகச் சாதனையை முறியடிக்க வேண்டிய விக்கெற்றுக்காக எங்கள் சின்னையா கடையைப் பாதியிற் பூட்டிவிட்டு மலையேறிச் சென்றாராம். யான் நான்கு வயதுக் குழந்தை. என்னைத் தோளிற் சுமந்து போனதாகச் சொல்வார், எனக்கு நினைவில்லை. 3ஆந் திகதி முரளியின் பந்து கொலிங்வூட்டின் விக்கெற்றைச் சாய்த்தது. 709. திரித்துவத்தின் புல்தரையிலே, அந்தோனியார் பையன், தோட்டத்துக் கூலியாக வந்தவரின் பேரன். கதிர்காமரை மன்னிக்காத சின்னையா அன்று பக்கத்திலே நின்ற முன்பின் அறியாத சிங்களக் கிழவரைக் கட்டிப்பிடித்தாராம்; இதை இன்றும் சற்று வெட்கத்தோடேயே ஒப்புக்கொள்வார்.

அஸ்கிரியவிலே நடந்த கடைசி டெஸ்டும் அதுவாகவே போயிற்று. 2010 முதல் பெரிய ஆட்டங்களெல்லாம் பல்லேகலையிலே நடைபெறுகின்றன. சென்ற மாதம் அவ்வழியே நடந்தபோது பார்த்தேன். கல்லூரிச் சிறுவர் சிலர் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். பந்து வேலிக்கு அப்பாலே விழ, வீதியிலே கொழுந்துச் சாக்கு ஏற்றிச் சென்ற லொறியிலிருந்து ஒரு பையன் குதித்து அதை எடுத்து உள்ளே எறிந்துவிட்டு, மீண்டும் ஓடிப்போய் லொறியில் ஏறிக்கொண்டான்.